முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: ஊசி வழிச் சிகிச்சை போதுமா?

கேள்வி:
என் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, நடுமுதுகில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது. நடக்கிறார், கால்களில் பலவீனம் இல்லை. ஆனால் படுக்கையில் புரளும்போது வலி தாங்க முடிவதில்லை. பெரிய அறுவை சிகிச்சையை அவர் உடல் தாங்காது என்பதால், ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் செலுத்தலாம் என்கிறார் மருத்துவர். அது நோயையும் அழிக்குமா? கதிர்வீச்சும் தேவைப்படுமா?

பதில் 1:
சிமென்ட் நொறுங்கிய எலும்பைத் தாங்கிப் பிடிப்பதற்கே. புற்றுநோயை அடக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடியே ஊசியை முள்ளெலும்புக்குள் செலுத்தி, சில நிமிடங்களில் இறுகிவிடும் அக்ரிலிக் சிமென்டை நிரப்புவார்கள். 1984இல் பிரான்சில் தொடங்கிய இம்முறைக்கு வெர்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். முதலில் சிறு பலூனை விரித்து இடம் உண்டாக்கிய பிறகு நிரப்பினால் அது கைபோபிளாஸ்டி. புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், கைபோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் ஒரு மாதத்திலேயே மற்றவர்களைவிட நன்றாக நடமாடினார்கள், வலியும் குறைந்திருந்தது. புரளும்போது வலிப்பது எலும்பு நிலைகுலைந்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், மருத்துவரின் யோசனை எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் முள்ளெலும்பின் பின்சுவர் சிதைந்திருந்தால் சிமென்ட் தண்டுவடத்தின் பக்கம் கசியும் ஆபத்து கூடும். ஸ்கேனில் அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று அவசியம் கேளுங்கள்.

பதில் 2:
நோயை அடக்கப் பெரும்பாலும் கதிர்வீச்சும் தேவைப்படும். கட்டியின் வடிவத்துக்கேற்பத் துல்லியமாகக் குவிக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையில், இரண்டே தவணைகளில் 24 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தபோது மூன்று மாதத்தில் 35 சதவீதத்தினருக்கு வலி முற்றிலும் நீங்கியது. ஐந்து தவணைகளில் 20 கிரே என்ற வழக்கமான முறையில் 14 சதவீதத்தினருக்கே நீங்கியது என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிக அளவுக் கதிர்வீச்சால் பலவீனமான எலும்பு மேலும் நொறுங்கக்கூடும் என்பதால், சிலருக்கு முதலில் சிமென்ட் வைப்பதுண்டு. ரேடியோ அலை வெப்பத்தால் கட்டியைச் சுட்டுவிட்டு, அதே துளை வழியாகச் சிமென்ட் நிரப்புவதும் உண்டு. எது முதலில் என்பதைக் கதிர்வீச்சு மருத்துவரும் முதுகெலும்பு மருத்துவரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.

பதில் 3:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால்கள் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று கருதி, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்நிலையில் சிமென்ட் மட்டும் போதாது. தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதிலும் முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கும் திருகுகளைத் தோலில் சிறு கீறல்கள் வழியாகப் பொருத்த முடிந்தால், காயம் விரைவில் ஆறிக் கதிர்வீச்சைச் சீக்கிரம் தொடங்க வழியுண்டு. கால்களில் வலு இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள்.