நேரில் பார்த்த தேவாங்கு: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

சின்ன வயதில் வீட்டில் என்னைத் திட்ட ஒரு சொல் வைத்திருந்தார்கள்: தேவாங்கு. ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக இருப்பேன். எதற்குக் கிளம்பவும் நேரமாகும். திட்டியவர்கள் யாரும் அந்தப் பிராணியைப் பார்த்ததே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல், திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம்.

காட்டுயிர்க் கணக்கெடுப்புக்குப் போய்வரும் நண்பர் கூட்டிப்போனார். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம். உசிலை மரமும் முள்ளுமாக இருந்த காடு. ஒரு மணி நேரம் கொசுக்கடியைத் தவிர ஒன்றுமில்லை. அப்புறம் கிளைக்குள்ளே இரண்டு கங்குகள், அருகருகே, அசையாமல்.

"வந்தாச்சு. இனிமே பேசாதீங்க" என்றார்.

கால் கிலோ தேறினால் அதிகம். குச்சி குச்சியாய்க் கை கால், வால் கிடையாது. ஒரு கையை எடுத்து அடுத்த இடத்தைப் பிடிக்கும். அந்தப் பிடி உறுதியான பிறகுதான் கால் நகரும். கிளை ஆடாது, இலை சலசலக்காது. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்குக் கை மரத்துப்போவதில்லை. கை கால்களில் இரத்தக் குழாய்கள் வலை போலப் பிரிந்து ஓடுவதால் வெகுநேரம் பிடித்துத் தொங்க முடிகிறது என்று நண்பர் பிறகு சொன்னார்.

சரியான சோம்பேறி என்று நான் முடிவுகட்டிய நேரத்தில் சடக்கென்று இரண்டு கைகளும் முன்னால் பாய்ந்தன. ஏதோ பூச்சி. பிடித்ததை நான் பார்க்கவில்லை. மொறுமொறுவென்று தின்னும் சத்தம்தான் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. கிளை முடிந்துவிட்டது, அடுத்த மரம் எட்டாத தூரத்தில். குரங்கு என்றால் ஒரே தாவு. இதற்குத் தாவத் தெரியாது. பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு உடம்பை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. திரும்பி, வந்த வழியே, அதே வேகத்தில் அடிமரம் வரை இறங்கி, தரையில் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய் ஏறியது. நடுவில் இருந்தது வண்டித்தடம்தான். தார்ச்சாலையாக இருந்திருந்தால்?

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். ஆனால் இது காட்டோடு நிற்கிற பிராணி இல்லை, தோட்டத்து வேலிக்கும் வரும். உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். பில்லி சூனியத்துக்காக இதைப் பிடிப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும், விடுங்கள்.

தேவாங்குதான் என்றில்லை, மெதுவாகப் போகும் எதைப் பார்த்திருந்தாலும் எழுதுங்கள்.

பதில் 1

பச்சோந்தி கணக்கில் வருமா? கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிளைச் சாலையில் பைக்கை நிறுத்திவிட்டுக் காவல் நின்றிருக்கிறேன். ஒரு எட்டு முன்னால் வைக்கும், அப்படியே பின்னால் ஆடும், யோசித்து மறுபடி அதே எட்டு. காற்றில் ஆடும் இலை என்று பருந்து ஏமாறலாம், லாரி ஏமாறாது. அந்த வழியாக வந்த பெரியவர், "தொடாதப்பா, வெசம்" என்றார். பச்சோந்திக்கு விஷம் கிடையாது, ஆனால் அவரிடம் வாதாட நேரமில்லை. ஒரு குச்சியை நீட்டினேன். அதில் ஏறவும் அவசரமில்லை. ஏறியதும் அது போய்க்கொண்டிருந்த பக்கமே கொண்டுபோய் விட்டேன். வந்த பக்கம் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பதில் 2

எங்கள் அத்தை வீட்டுக் கொல்லைக்கு ஒரு நட்சத்திர ஆமை வந்தது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்று மாமா ஆரம்பித்தார். அடுத்த வீட்டுக்காரரோ அதிர்ஷ்டம், எனக்குக் கொடுங்கள் என்று நின்றார். வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டு, வனத்துறைக்குப் போன் செய்யலாமென்று உள்ளே போனேன். நம்பர் தேடி, அத்தை கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தால் ஆமையைக் காணோம். எங்கே ஓடிவிடப்போகிறது என்றுதான் யாரும் காவல் இருக்கவில்லை.