மறுமொழி: பஞ்ச உணவா, தாங்குணவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கைப் பற்றிய கட்டுரைக்காக, விருப்பமான தீனி குறையும்போது விலங்கு நாடும் உணவுக்கு (fallback food) தமிழ்ச்சொல் தேடித் தொடங்கிய இழையில் 'பஞ்ச உணவு' கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பஞ்சம் என்பது எப்போதாவது வந்து ஊரைக் கலைக்கிற கேடு. போர்னியோக் காட்டில் பழம் இல்லாமல் போவது கேடல்ல, வழக்கம். அங்குள்ள பெருமரங்கள் பல ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோக் காலத்தை ஒட்டி, ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளுகின்றன. (இதற்குப் 'பெருங்காய்ப்பு' என்று முடித்தாயிற்று. திரும்பக் கிளற வேண்டாம்.) அடுத்தது எப்போது என்று எந்த விலங்குக்கும் தெரியாது. இடையில் பழம் குறைந்தால் ஒராங்குட்டான் மரப்பட்டையை உரித்து உள்நாரைச் சப்பும், இலை தின்னும். அந்தப் பட்டை பெருங்காய்ப்பின்போதும் மரத்தில்தான் இருந்தது, அப்போது அதை அது திரும்பியும் பார்க்கவில்லை. நமக்கு வேண்டிய சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது: எப்போதும் இருக்கும், நல்லது இல்லாதபோது மட்டும் தேடப்படும்.

'மாற்றுணவு' என்றால் மருத்துவர் எழுதித்தருவது போலாகும். 'அவசர உணவு' கடையில் பொதிகட்டித் தருவது.

எனக்கு நினைவு வந்தது அம்மம்மாவின் குசினி. மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் தகரம், உள்ளே ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு. பாலைப்பழக் காலத்தில் அதை ஒருவரும் தொடமாட்டோம். கரடிக்குப் பயந்து பயந்து காட்டுக்குள் போய், உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்றுவிட்டு வருவோம். வயல் பொய்த்து அரிசிப் பானையின் அடியில் அளக்கிற சுண்டு தட்டும் சத்தம் கேட்கும்போதுதான் அம்மம்மா தகரத்தை அண்ணாந்து பார்ப்பார். "ஒடியல் கிடக்குது, அடுத்த வெட்டு மட்டும் தாங்கும்."

தாங்கும். ஆகவே தாங்குணவு.

ஒடியலைச் சேமித்து வைக்கிறோம், ஒராங்குட்டானுக்குத் தகரம் ஏது என்று கேட்பீர்கள். அதன் தகரம் உடம்புதான். போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் ஆய்வாளர் செரில் நாட் 1990களில் கணக்கெடுத்தபோது, பெண் ஒராங்குட்டான்கள் பழம் மலிந்த காலத்தில் நாளுக்குச் சுமார் 7,400 கலோரி தின்றன. வற்றிய காலத்தில் 1,800 அளவுதான். அப்போது சிறுநீரில் கீற்றோன் தென்பட்டது, அதாவது சேர்த்த கொழுப்பு எரிகிறது. இதைத் தாங்குணவு என்ற சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். தின்பது வேறு, உடம்பில் கிடப்பது வேறு.

மாங்குளத்திலிருந்து

---

அண்ணை, வணக்கம்.

சொல் வாயில் நிற்கிறது, சரி. இரண்டு இடைஞ்சல். சூழலியலில் 'தாங்குதிறன்' ஏற்கெனவே இருக்கிறது, ஒரு காடு எத்தனை உயிரைத் தாங்கும் என்பதற்கு. பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? மற்றது, எல்லாத் தாங்குணவும் ஒரே தரமில்லை. மார்ஷல், ராங்கம் என்ற ஆய்வாளர்கள் 2007இல் இரண்டாகப் பிரித்தார்கள்: சில காலம் அதையே முழுச் சாப்பாடாகத் தின்று கிடக்கக்கூடியது ஒன்று, எந்த நாளும் வேறொன்றோடு சேர்த்தே தின்னவேண்டியது மற்றது. அதற்கென்ன செய்வது?

வவுனியாவிலிருந்து

---

தம்பி,

தாங்குதிறனில் தாங்குவது காடு, தாங்குணவில் தாங்குவது தீனி. ஒரே வேரில் இரண்டு கிளை, வகுப்பில் சொல்லிக்கொடுக்க அது வசதிதான். பிரிவுக்கு 'முழுத்தாங்குணவு', 'இட்டுநிரப்புணவு' என்று எழுதியிருந்தேன். இரண்டாவது நாக்கில் புரளவில்லை. 'துணைத்தாங்குணவு' போதும். ஒடியல் கூழில் மீனும் பயத்தங்காயும் விழுகிற நாளை எந்தப் பிரிவில் போடுவதென்று மட்டும் கேட்காதே, அது இப்போது விருந்துச் சாப்பாடு.

பட்டியலில் இப்படிப் போடுகிறேன், மறுப்பிருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்:

தாங்குணவு (பெ.): விருப்ப உணவு குறையும்போது மட்டும் ஒரு விலங்கு மிகுதியாக உண்பது. எ-டு: ஒராங்குட்டானுக்கு மரப்பட்டையின் உள்நார்.