தாத்தா வீடு குழு: மிஷன் வீதிப் பள்ளிக்கூடம்

நான்: [படம்] காலையில் புதுச்சேரி மிஷன் வீதி வழியாக வந்தேன். வ.உ.சி. பள்ளி வாசலில் நின்று எடுத்தது. பெரியப்பா, நீங்கள் படித்தது இங்கேதானே?

பெரியப்பா: ஆமாம் பாப்பா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நம் தாத்தாவும் இங்கேதான் படித்தார். அப்போது பிரெஞ்சுக்காரன் காலம். கடைசி வரை அவருக்கு இது கலவை காலேஜ்தான். வ.உ.சி. பள்ளி என்று அவர் வாயில் வந்ததே இல்லை.

அண்ணன்: கல்வே காலேஜ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கல்வே யாரோ ஒரு துரை என்றல்லவா நினைத்தேன்!

பெரியப்பா: துரை இல்லை தம்பி, நம் ஊர்ச் செட்டியார். கலவை சுப்புராய செட்டியார். 1870களில் அவர் கொடுத்த கொடையில் வந்த பள்ளிக்கூடம். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கலவை என்பதைப் பிரெஞ்சில் எழுதி, அதை நாம் திரும்பப் படித்துக் கல்வே ஆக்கிவிட்டோம். வைசியாள் வீதிக்கும் அவர் பெயர்தான்.

அத்தை: பாரதிதாசன் படித்ததும் இங்கேதானே அண்ணா?

பெரியப்பா: இங்கேதான் அம்மா. பதினாறு வயதில் தமிழ் படிக்கச் சேர்ந்தார். எங்கள் தமிழ் ஐயா இதைச் சொல்லும் நாளில், அவர் உட்கார்ந்தது எந்த அறையாக இருக்கும் என்று இடைவேளை முழுக்கச் சண்டை போடுவோம்.

சித்தி: இங்கே கடலூர் வெயிலுக்கு, படத்தில் இந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தாலே குளிர்கிறது மாமா.

பெரியப்பா: மே மாதத்தில்கூட அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும். தடிமனான செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. தாளில் மூக்கை வைத்துக்கொண்டு எழுதும்போது மசி வாசனையோடு அந்தச் சுண்ணாம்பு வாசனையும் வரும். இப்போதும் நினைவிருக்கிறது.

அத்தை: சுவர் என்றதும் ஞாபகம் வந்தது. [படம்] எங்கள் கூடத்துச் சுவரைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் சிமென்ட் பூசினோம். 2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் அப்பளம் மாதிரி பொரிந்து விழுகிறது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதனால்தான் என்கிறார் மேஸ்திரி. திங்கட்கிழமை மறுபடியும் சிமென்ட் பூச வருகிறார்.

பெரியப்பா: வேண்டாம் அம்மா! தயவுசெய்து நிறுத்தச் சொல்.

அண்ணன்: பெரியப்பா சொல்வது சரி அத்தை. பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு வழியாக அந்த ஈரம் வெளியே போய்விடும். மேலே சிமென்ட் போட்டால் போக வழி இல்லை. ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். கடல் பக்கத்து ஊரில் உப்புக்குக் கேட்கவா வேண்டும்?

அத்தை: அப்படியென்றால் இத்தனை நாள் கெட்டது நாங்கள் பூசியதாலா?

பெரியப்பா: உன் தப்பு இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்த மறுநாள் கடற்கரைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அதை அதே வடிவில் திரும்பக் கட்டினார்கள், 2021இல் திறந்தார்கள். சரி, சந்தோஷம்தான். ஆனால் அது புதுக் கட்டடம். என் பள்ளிக்கூடம் பழைய சுவரோடேயே புதுப்பிக்கப்பட்டது. அந்தச் சுவரைத் தொட்டால் எங்கள் அப்பா தொட்ட சுவர். உன் கூடமும் அப்படித்தான், நம் பாட்டி சாய்ந்து உட்கார்ந்த சுவர்.

அத்தை: 😢 சுண்ணாம்புக்கு ஆள் கிடைப்பாரா அண்ணா?

பெரியப்பா: திண்டிவனம் பக்கம் ஒரு கொத்தனார் இருக்கிறார், கோயில் வேலை செய்பவர். சாயங்காலம் பேசுகிறேன். நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் அவர் பொறுப்பு. கடுக்காயும் வெல்லமும் நீ வாங்கி ஊறப்போட வேண்டும், அந்தத் தண்ணீரில்தான் குழைப்பார். பழைய சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட வேண்டும். அவசரப்படாதே, சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும்.

அத்தை: மேஸ்திரிக்கு இப்போதே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

சித்தி: கடுக்காய் இங்கே திருப்பாதிரிப்புலியூர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். எத்தனை கிலோ என்று கேட்டுச் சொல்லுங்கள் மாமா, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுவருகிறேன்.

நான்: அன்றைக்கே எல்லோரும் பெரியப்பாவோடு மிஷன் வீதிக்கும் போகலாமா?

பெரியப்பா: காலை ஏழு மணிக்குத் தயாராக இருப்பேன்.