டைட்டில் புளொக்கை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோன அனுபவங்கள்: வன்னிப் படவரைஞர்கள் பகிர்ந்தவை

கிளிநொச்சியிலிருந்து

எங்கள் கந்தோரில் வீட்டுப்பிளான், வாய்க்கால், உள்வீதி எல்லாம் கலந்துதான் வரும். படம் வரைகிற ஓட்டோகாட் மென்பொருளை ஒருதரம் காசு கட்டி நிரந்தரமாக வாங்கும் வழி 2016 தொடக்கத்தோடு நின்று, சந்தா மட்டும்தான் என்றானது. அப்போது சமாளித்தோம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 300 ரூபாயைத் தாண்டியதும், "டிடபிள்யூஜி திறக்கிற வேறு ஏதாவது பாருங்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டார். டிடபிள்யூஜி என்பது ஓட்டோகாட்டின் படப் பைல். பிரிக்ஸ்காட், இசட்டபிள்யூகாட், ஜிஸ்டார்காட் என்று அந்தப் பைலை நேரே திறக்கிற மென்பொருள்கள் பல இருக்கின்றன. ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். சுவர், கதவு, பரிமாணக்கோடு எல்லாம் பிசகாமல் வந்தன. சிக்கல் முழுவதும் தாளின் வலது கீழ் மூலையில் இருக்கிற டைட்டில் புளொக்கில்தான்.

டைட்டில் புளொக் பார்வைக்கு ஒரு கட்டம்தான். அதற்குள் மூன்று சாமான் இருக்கிறது. கோடுகள் ஒன்று. "வரைந்தவர்", "அளவுத்திட்டம்" போல ஒருநாளும் மாறாத எழுத்து இரண்டாவது. ஒவ்வொரு தாளிலும் மாறுகிற பெயர், திகதி, பட இலக்கம், திருத்த இலக்கம் மூன்றாவது. முதல் இரண்டும் எந்த மென்பொருளுக்கும் போய்ச்சேரும். மூன்றாவதை ஓட்டோகாட் அட்ரிபியூட்டாக (டேக் என்ற உள்பெயரும் அதற்கு நிரப்பிய பெறுமதியும்) வைத்திருக்கும், அல்லது ஷீட் செட் என்ற தாள்களின் பட்டியலிலிருந்து தானாக எடுக்கிற பீல்டாக வைத்திருக்கும். அட்ரிபியூட் பெரும்பாலும் தப்பிவிடும். பீல்டுதான் கழுத்தறுக்கும். ஷீட் செட்டோடு தொடர்பு அறுந்துவிட்டால் பட இலக்கம் இருந்த இடத்தில் #### என்று நான்கு குறிகள் நிற்கும். அதனால் பழைய மென்பொருள் கையில் இருக்கும்போதே பீல்டுகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் பைலை வெளியே எடுக்க வேண்டும்.

இன்னொரு கந்தோர் எங்களுக்கு ஒரு தொகுதி வீதிப்படம் அனுப்பியது. திறந்தால் எல்லாத் தாளிலும் வரைந்தவர் பெயருக்குப் பதிலாக "டிரோன் பை" (DRAWN BY) என்ற டேக் பெயரே நிற்கிறது, திகதி இருக்க வேண்டிய இடத்தில் "டேட்" என்று நிற்கிறது. புளொக்கை யாரோ எக்ஸ்புளோட் செய்து, அதாவது தனித்தனிக் கோடும் எழுத்துமாக உடைத்து, அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸ்புளோட் கொடுத்தால் நிரப்பிய பெறுமதி போய் வெறும் டேக் மட்டும் மிஞ்சும். கட்டாயம் உடைக்கத்தான் வேண்டுமென்றால் ஓட்டோகாட்டின் துணைக் கட்டளைத் தொகுதியான எக்ஸ்பிரஸ் டூல்ஸில் பேர்ஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது, அது பெறுமதியை எழுத்தாக விட்டுவைக்கும். அந்தப் படங்களுக்கு அவர்களிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப அடித்தோம்.

பெறுமதிகளை மொத்தமாக எடுக்க அட்அவுட் கட்டளை நல்லது. எக்செலில் திறக்கிற மாதிரி ஒரு பைல் தரும். ஆனால் அதன் முதல் நிரலில் வருகிற ஹாண்டில் என்ற உள் அடையாள இலக்கம் அந்தந்தப் படத்துக்கு மட்டுமே உரியது. அதே பைலை வேறு படத்துக்குள் அட்இன் கொடுத்து ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குச் சரிவந்த வழி வேறு. புதிய மென்பொருளிலேயே டைட்டில் புளொக்கைச் சுத்தமாக வரைந்து, பழைய புளொக் பெயரையும் பழைய டேக் பெயர்களையும் ஓர் எழுத்தும் மாறாமல் வைத்து, பழைய படத்துக்குள் மீள்வரையறை செய்தோம், அதாவது பழைய புளொக்கின் வடிவத்தைப் புதியதால் மாற்றினோம். டேக் ஒத்துப்போன இடமெல்லாம் பெறுமதி அப்படியே நின்றது. பிறகு அட்சிங்க் கட்டளை கொடுத்தால் எழுத்தின் இடமும் அளவும் புதிய வடிவத்துக்கு வந்துவிடும்.

வேறு மென்பொருளுக்கு மாறியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து

நான் போனது ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளுக்கு. உங்கள் வழி அங்கே எடுபடாது. ரெவிட்டில் டைட்டில் புளொக் ஒரு தனி பாமிலி பைல். அதற்குள் மாறும் எழுத்தை லேபிள் என்பார்கள், அது ஒரு பராமீட்டரோடு (பெயரிட்ட ஒரு பெறுமதி) கட்டப்பட்டிருக்கும். டிடபிள்யூஜியை இறக்கினால் அட்ரிபியூட் ஒருபோதும் லேபிளாக மாறாது, அதைப் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது கந்தோரில் இருந்த பாமிலி, யாரோ பழைய டிடபிள்யூஜியை இறக்கி எக்ஸ்புளோட் செய்து உண்டாக்கியது. கம்பனி சின்னத்தில் நெற்கதிர் ஒன்று இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் கதிரின் மணிகளில் பாதியைக் காணவில்லை. ரெவிட் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றரை விடக் குறுகிய கோட்டை ஏற்காது, சின்னஞ்சிறு வளைவுகளை எல்லாம் கழித்துவிடும். போதாக்குறைக்கு, இறக்கிய பைலின் லேயர் பெயர்களெல்லாம் கோட்டு வகைகளாகப் பட்டியலில் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்தப் பாமிலியைப் போட்ட ஒவ்வொரு புரொஜெக்டிலும் அந்தக் குப்பையும் கூடவே வந்தது.

நான் பழையதைப் பின்னால் வழிகாட்டியாக மட்டும் வைத்து, மேலே ரெவிட் கோடுகளால் வரைந்தேன். சின்னத்தை நல்ல தெளிவான பிஎன்ஜி படமாக வைத்தேன். கடைசியில் பின்னாலிருந்த டிடபிள்யூஜியை அழித்தேன். நம்முடைய பிரத்தியேகமான பகுதிகளுக்கு, பிரதேச சபை அங்கீகார இலக்கம் போன்றவற்றுக்கு, பல பைல்களுக்கும் பொதுவான ஷெயார்ட் பராமீட்டர் கட்டாயம் வேண்டும். அந்த ஷெயார்ட் பராமீட்டர் டெக்ஸ்ட் பைலைத் தொலைத்துவிட்டு அதே பெயரில் இன்னொன்று உண்டாக்கினாலும் சரிவராது. ரெவிட் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கிற அடையாளக் குறியைத்தான் பார்க்கும். பெயர் ஒன்றுதான், ஆனால் லேபிள் வெறுமையாக நிற்கும். இது தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவிலிருந்து

குளத்து வேலைப் படங்கள் என்னிடம் நிறைய வரும். கட்டு, துருசு (தண்ணீர் திறந்துவிடும் வாய்), வான் (மிகைநீர் வழியும் இடம்) என்று பழைய படங்களைத் திரும்ப எடுத்துத் திருத்துகிற வேலை. அவற்றின் டைட்டில் புளொக்கில் குளத்தின் பெயர் தமிழிலும் இருக்கும். நம் பக்கத்தில் பழைய தமிழ் எழுத்துரு என்றால் பாமினிதான். பாமினியில் தட்டியது உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருக்கிற எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. பைலுக்குள் எழுத்துருவின் பெயர் மட்டும் போகும், எழுத்துரு போகாது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் கிளிநொச்சி என்ற பெயர் எஃப், பி, எஸ், பி என்று தொடங்கி அரைப்புள்ளி எல்லாம் கலந்து நிற்கும். கொழும்பில் இருந்து ஒருவர் "ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது" என்று திருப்பி அனுப்பினார். பைலில் ஒரு பழுதும் இல்லை.

எழுத்துருவைச் சேர்த்து அனுப்ப ஓட்டோகாட்டின் ஈட்ரான்ஸ்மிட் கட்டளை உதவும். ஆனால் மென்பொருளே மாறும்போது பாமினியைக் கட்டி இழுக்காமல் யூனிகோடுக்கு மாறுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2007 வடிவத்திலிருந்து டிடபிள்யூஜியும், மென்பொருள்களுக்கு இடையே படம் பரிமாறுகிற டிஎக்ஸ்எஃப் பைலும் யூனிகோடில்தான் எழுத்தை வைக்கின்றன. டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமித்தால் அது வெறும் டெக்ஸ்ட் பைல். நோட்பேடில் திறந்து "அட்ரிப்" என்று தேடினால் ஒவ்வொரு அட்ரிபியூட்டும் வரிசையாக வரும். 2 என்ற குறியீட்டுக்கு அடுத்த வரியில் டேக், 1 என்ற குறியீட்டுக்கு அடுத்த வரியில் பெறுமதி. பாமினிப் பெறுமதியை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்து அந்த இடத்தில் ஒட்டினேன். ஒரே குளத்துக்குப் பல தாள் இருந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். ஒரிஜினலின் பிரதியில் மட்டும் கை வையுங்கள், ஒரு வரி கூடிக் குறைந்தாலும் பைல் திறக்காது.

பிறகு டெக்ஸ்ட் ஸ்டைலில் ஓட்டோகாட்டின் சொந்த எழுத்துருவான எஸ்எச்எக்ஸை எடுத்துவிட்டு லதா அல்லது நிர்மலா போட வேண்டும். சிம்பிளெக்ஸ் போன்ற எஸ்எச்எக்ஸில் தமிழ் எழுத்து இல்லை, கேள்விக்குறிதான் வரும். யூனிகோடு போட்ட பிறகும் கொம்பைக் கவனியுங்கள். சில மென்பொருளில் "கொ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அப்படியானால் மாறாத தமிழ்த் தலைப்புகளை மட்டும் ஓட்டோகாட்டில் டெக்ஸ்ட்எக்ஸ்ப் (TXTEXP) கட்டளை கொடுத்துக் கோடுகளாக்கி விடுங்கள். கோடு எங்கே போனாலும் கோடுதான். மாறுகிற பெறுமதியைக் கோடாக்க வேண்டாம், அடுத்தமுறை திருத்த ஒன்றும் இராது.

மன்னாரிலிருந்து

வாசிக்கவே களைப்பாக இருக்கிறது அண்ணைமார். வீட்டுப்பிளானுக்கு இவ்வளவு தேவையா? நான் பழைய கட்டத்தை அப்படியே கொப்பி பண்ணிப் போட்டு, எழுத்தை இரட்டைக் கிளிக்கில் மாற்றி, ஏ3 தாளில் அடித்துக் கொடுக்கிறேன். சபையில் சீல் குத்திக்கொண்டு வருகிறார்கள். அட்ரிபியூட்டும் இல்லை, பீல்டும் இல்லை.

கிளிநொச்சியிலிருந்து

உங்களுக்கு அது போதும் தம்பி, உண்மைதான். ஒரு பிளானுக்கு இரண்டு மூன்று தாள் என்றால் கையால் அடிப்பதுதான் கெதியான வேலை. நாற்பது ஐம்பது தாள் உள்ள வீதித் தொகுதியில் "திருத்தம் பி" என்பதை "திருத்தம் சி" ஆக்கச் சொல்லும்போது பாருங்கள். ஒரு தாளில் விட்டுப்போனாலும் சைட்டில் பழைய படத்தைப் பார்த்து மதகு வைத்துவிடுவார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து

நான் வீட்டிலிருந்தே ரொறன்ரோக் கம்பனி ஒன்றுக்கு இயந்திரப் பாகங்கள் வரைகிறேன். மென்பொருள் சொலிட்வேர்க்ஸ். அவர்களின் பழைய டைட்டில் புளொக் ஓட்டோகாட்டில் இருந்தது, அதை ஷீட் போர்மட் என்ற சொலிட்வேர்க்ஸ் தாள் வார்ப்பாக மாற்றுகிற வேலை என்னிடம் வந்தது.

முதல் தடை தாள். அவர்களுடையது ஏஎன்எஸ்ஐ டி, 34க்கு 22 அங்குலம். மில்லிமீற்றரில் 863.6க்கு 558.8. நமது ஏ1 தாள் 841க்கு 594. ஒன்று நீளம் கூட, மற்றது உயரம் கூட. ஆகவே "கொஞ்சம் சுருக்கிப் போடுங்கோ அக்கா" என்கிறவர்களுக்கு ஒரு சொல்: சுருக்கினால் அகலம் பொருந்தும், உயரத்தில் வெள்ளை விழும், எழுத்தின் உயரமும் மாறிவிடும். வெளி எல்லையைப் புதிய தாளுக்கு வரைந்து, மூலையில் உள்ள கட்டத்தை மட்டும் உண்மை அளவிலேயே நகர்த்த வேண்டும்.

அடுத்தது அலகு. அந்தப் பைலில் அலகு எதுவும் குறிக்கப்படவில்லை. மில்லிமீற்றர் படத்துக்குள் இறக்கியதும் முழுத் தாளும் தபால்முத்திரை அளவில் ஒரு மூலையில் கிடந்தது. 25.4 ஆல் பெருக்கச் சரி. வீட்டுப்பிளான்காரருக்கு இது அடியும் மில்லிமீற்றரும் மோதும்போது வரும், அப்போது 304.8.

சொலிட்வேர்க்ஸில் இறக்கிய அட்ரிபியூட் எல்லாம் சாதாரணக் குறிப்பாகிவிடும். அவற்றை அழித்து, புரொப்பர்டியோடு (பைலுக்குள் சேமித்த விவரம்) இணைத்த குறிப்புகளை வைத்தேன். இதில் இரண்டு வகை உண்டு. வெறும் பிஆர்பி என்று தொடங்குவது வரைபடப் பைலின் புரொப்பர்டியை எடுக்கும். பிஆர்பி ஷீட் என்று தொடங்குவது தாளில் இருக்கிற மொடலிலிருந்து எடுக்கும். பாகத்தின் பெயர், உலோகம், நிறை என்பன மொடலுக்கு உரியவை. வரைந்தவர், திகதி என்பன வரைபடத்துக்கு உரியவை. இதை முதலே கடதாசியில் பிரித்து எழுதிக்கொண்டுதான் தொட்டேன். அவர்களின் முந்தைய ஆள் எல்லாவற்றையும் மொடலிலிருந்து எடுக்க விட்டிருந்தபடியால், ஒரே பாகத்துக்கு இரண்டு பேர் வரைந்த படங்களில் ஒரே பெயர்தான் வந்துகொண்டிருந்தது.

அறிவியல் நகரிலிருந்து

நான் மாணவன், காசு கொடுத்து வாங்குகிற நிலை இல்லை. ஒரு காலத்தில் டிராப்ட்சைட் என்ற வரைபட மென்பொருள் இலவசமாக இருந்தது, 2019 டிசம்பர் 31க்குப் பிறகு இலவசப் பதிப்பு இயங்காது என்றார்கள். இப்போது இலவசமான ஃபிரீகாட். அதன் வரைபடப் பகுதியான டெக்ட்ரோவில் தாள் என்பது ஓர் எஸ்விஜி பைல். டைட்டில் புளொக்கை டிஎக்ஸ்எஃப் ஆக வாங்கி, இங்க்ஸ்கேப் என்ற எஸ்விஜி திருத்தியில் திறந்து, பக்கத்தை 420க்கு 297 மில்லிமீற்றராக வைத்து, வியூபொக்ஸையும் அதே எண்களில் போட்டேன். பிறகு மாற வேண்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் எக்ஸ்எம்எல் எடிட்டரில் "ஃபிரீகாட் எடிட்டபிள்" என்ற பண்பைச் சேர்த்தேன். அது சேர்ந்த எழுத்து மட்டும் டெக்ட்ரோவில் சிறு பச்சைக் கட்டத்தோடு வரும், அதைத் தட்டினால் நிரப்பலாம். எழுத்து டீஸ்பான் என்ற உறைக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை செய்யாது.

எந்த எந்தப் பகுதி கட்டாயம் என்று தெரியாமல் டைட்டில் புளொக்குக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 7200ஐப் பார்த்தேன். 2004 பதிப்பு. உரிமையாளர், அடையாள இலக்கம், வெளியிட்ட திகதி, தாள் இலக்கம், தலைப்பு, அங்கீகரித்தவர், உருவாக்கியவர், ஆவண வகை. கட்டத்தின் அகலம் 180 மில்லிமீற்றர். ஏ4 தாளில் இடது ஓரம் 20, வலது 10 விட்டால் சரியாக அந்த 180 வருகிறது. அளவுத்திட்டம் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை என்றதும் விரிவுரையாளரோடு ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது.

மன்னாரிலிருந்து

சரி, ஒன்று கேட்கிறேன். வேறு மென்பொருளில் பிரிண்ட் எடுத்தால் கட்டத்தின் தடித்த கோடு மெல்லியதாக வருகிறது, சிவப்பு நீலம் எல்லாம் நிறமாகவே அடிக்கிறது. இது ஏன்?

கிளிநொச்சியிலிருந்து

சிடிபி பைல் போய்ச் சேரவில்லை. பழைய முறையில் கோட்டின் தடிப்பு படத்தில் இல்லை, நிறத்தில்தான் இருக்கிறது. எந்த நிறம் எத்தனை மில்லிமீற்றர் என்பதை அந்த சிடிபிதான் சொல்லும். பழைய கணினியில் புளொட் ஸ்டைல்ஸ் போல்டருக்குள் இருப்பதை எடுத்துப் புதிய மென்பொருளின் அதே மாதிரிப் போல்டருக்குள் போடுங்கள், டிடபிள்யூஜி வழியில் வந்தவை பெரும்பாலும் வாசிக்கும். வாசிக்காவிட்டால் டைட்டில் புளொக்கின் லேயர்களுக்கு மட்டும் தடிப்பை நேரே கொடுத்துவிடுங்கள்: வெளி எல்லைக்கு 0.7, உள்கட்டங்களுக்கு 0.35, எழுத்துக்கு 0.25. பிரிண்ட் பெட்டியில் மொனோகுரோம் என்றிருப்பதைத் தெரிவு செய்யுங்கள், நிறம் நின்றுவிடும்.