யூதராகப் பிறக்காதவருக்கு மறுமையில் பங்கு உண்டா?

நெய்தல்:
யூத சமயம் பிறரை மதம் மாறச் சொல்லி அழைப்பதில்லை. அப்படியென்றால் யூதரல்லாதவர் எதற்கெல்லாம் பொறுப்பு, எதைச் செய்தால் அவருக்கு மறுமை கிடைக்கும்? 'நோவாவின் ஏழு கட்டளைகள்' பற்றி மேலோட்டமாகத் தெரியும். கடவுள் நம்பிக்கை இல்லாமல் மனசாட்சிப்படி நேர்மையாக வாழ்பவரை எங்கே வைப்பார்கள்? இப்படி ஒரு கட்டளை இருப்பதே தெரியாதவர் எப்படிப் பொறுப்பாவார்? சிலை வணங்கும் நம் போன்றவர்கள் நிலை என்ன? மூலநூல்களைப் படித்தவர்கள் விளக்கினால் நல்லது.

ஏட்டுச்சுவடி:
முதலில் பழைய யூதச் சட்டத் தொகுப்பான தொசெஃப்தாவில், சன்ஹெத்ரின் என்ற பகுதியின் 13-ஆம் அதிகாரம். 'துன்மார்க்கரும், கடவுளை மறக்கிற எல்லா இனத்தாரும் பாதாளம் போவார்கள்' என்ற சங்கீத வசனத்தைக் காட்டி, பிற இனத்தாருக்கு மறுமையில் பங்கில்லை என்கிறார் ரபி (யூதச் சமய அறிஞர்) எலியேசர். ரபி யோசுவா அதே வசனத்தை வைத்தே மறுக்கிறார். 'எல்லா இனத்தாரும்' என்பதோடு வசனம் நின்றிருந்தால் நீர் சொல்வது சரி. 'கடவுளை மறக்கிற' என்று சேர்த்திருப்பதால், அவர்களிடையே நீதிமான்களும் உண்டு, அவர்களுக்குப் பங்கும் உண்டு என்கிறார். மரபு யோசுவாவின் பக்கம் நின்றது. 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் தம் சட்டத் தொகுப்பில் அதையே தீர்ப்பாக எழுதினார்.

நோவாவின் வழிவந்த மனிதர் அனைவருக்கும் உரியவை எனப்படும் ஏழு கட்டளைகளும், யூத மரபின் பெருநூலான தல்மூதில் சன்ஹெத்ரின் 56-இல் வருகின்றன. நீதிமன்றம் அமைக்க வேண்டும். இறைநிந்தை, சிலை வழிபாடு, முறைகெட்ட உறவு, கொலை, திருட்டு கூடாது. உயிரோடிருக்கும் விலங்கிலிருந்து அறுத்த சதையை உண்ணக் கூடாது. இவற்றை ஏழே ஏழு வரி என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் பிழை. ஒவ்வொன்றும் ஒரு தலைப்பு. திருட்டை மட்டும் பாருங்கள்: கூலியாளுக்குச் சேர வேண்டிய கூலியைப் பிடித்து வைப்பதும் இதில் அடங்கும், ஆள் கடத்தலும் அடங்கும். தோட்டத்து வேலையாள் வேலை நேரம் அல்லாதபோது பறித்துத் தின்பதையும் மைமோனிடஸ் இதிலேயே சேர்க்கிறார். மிகச் சிறிய செப்புக்காசான பெருத்தாவுக்கும் குறைந்த மதிப்புள்ள பொருளானாலும் குற்றம்தான்.

நீதிமன்றக் கட்டளையிலும் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. மற்ற ஆறையும் காக்க ஊர்தோறும் நீதிபதிகளை வைப்பதே கடமை என்கிறார் மைமோனிடஸ். 13-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நக்மனிடஸுக்கு அது போதாது. கடன், விற்பனை, அடைக்கலப் பொருள், கூலி, நட்டஈடு என்று முழு உரிமையியல் சட்டமே அந்தக் கட்டளையில் அடங்கும் என்கிறார். அவர் வாசிப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஊருக்கு நியாயமான சட்டம் இல்லாமல் தனிமனித ஒழுக்கத்தை மட்டும் கேட்பது எப்படி நியாயமாகும்?

பொருநை:
மனசாட்சி பற்றிய கேள்விதான் இதில் மிகக் கடினமானது. மைமோனிடஸின் சட்டத் தொகுப்பு, 'அரசர்கள்' பகுதி, 8:11: ஏழையும் ஏற்று நடப்பவர் 'உலக இனத்தாருள் பக்தர்', அவருக்கு மறுமை உண்டு. ஆனால் கடவுள் கட்டளையிட்டு மோசே வழியாக அறிவித்தார் என்பதற்காக ஏற்றிருக்க வேண்டும். தன் அறிவு சொன்னதால் மட்டும் செய்தால் அவர் அந்தப் பக்தர்களில் ஒருவரல்லர். அச்சுப் பதிப்புகளின்படி 'அவர்களின் ஞானிகளிலும் ஒருவரல்லர்'. கைப்படிகளிலோ 'அவர்களின் ஞானிகளில் ஒருவர்' என்று இருக்கிறது. எபிரேயத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு.

அச்சுப் பாடத்தை வைத்தே 1670-இல் மெய்யியலாளர் ஸ்பினோசா இந்த நிபந்தனையைத் தாக்கினார். 18-ஆம் நூற்றாண்டு யூத மெய்யியலாளர் மோசே மெண்டல்சோனுக்கும் இது உறுத்தியது. 1773-இல் ரபி யாக்கோபு எம்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கைப்படிப் பாடம் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள். தீரவில்லை. 'ஞானி' என்ற மதிப்பு திரும்ப வருகிறது. மறுமையில் பங்கு உண்டு என்று அந்த வரி சொல்லவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் ரபி கூக் மட்டும் ஒரு படி மேலே போய், இங்கே ஞானி நிலை பக்தர் நிலையை விட உயர்ந்தது என்று படித்தார்.

தெரியாமை பற்றி: அதே பகுதி 10:1, இரண்டு வகையைப் பிரிக்கிறது. பிறன் மனைவியைத் தன் மனைவி என்று எண்ணி மயங்கியவர் தப்புகிறார். அது நிகழ்வில் நேர்ந்த தவறு. பிறன் மனைவி என்று தெரிந்தே, 'இதில் குற்றமில்லை' என்று நினைத்தவர் ஏறக்குறைய வேண்டுமென்றே செய்தவராகிறார். கற்றிருக்க வேண்டியவர் கற்கவில்லை. வற்புறுத்தப்பட்டு மீறினால் குற்றமில்லை.

நெய்தல்:
நன்றி. சிலை வழிபாட்டையும், கட்டளை இல்லாமலே செய்யும் நன்மைக்கு என்ன பலன் என்பதையும் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
சிலை வழிபாட்டில் ஒருமித்த முடிவு இல்லை. 13-ஆம் நூற்றாண்டில், இன்றைய தென் பிரான்சின் பெர்பிஞ்ஞானில் வாழ்ந்த தல்மூது உரையாசிரியர் மெயிரி, சமய ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மக்களைப் பழைய உருவ வழிபாட்டாரோடு சேர்க்கக் கூடாது என்றார். அவர் கண்முன் இருந்தவர்கள் கிறித்தவரும் முஸ்லிம்களும். இந்துக்களுக்கும் அதை விரிப்பவர்கள் பிற்காலத்தார். ஒரே கடவுளை ஏற்றுக்கொண்டே மற்றொன்றையும் சேர்த்து வணங்குவது நோவாவின் மக்களுக்கு, அதாவது யூதரல்லாதவருக்குத் தடையில்லை என்று சிலர் சொல்ல, ப்ராக் நகர ரபி எசேக்கியேல் லந்தாவ் அதை மறுத்தார். இன்றும் இதே நிலைதான். 2004-இல் ரபி எல்யாஷிவ், திருமலையில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த சவுரிகளை, சிலை வழிபாட்டுக் காணிக்கை என்று கருதித் தடை செய்தார். 2008-இல் ஜெருசலேமில் கூடிய யூத, இந்து சமயத் தலைவர்கள், இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான் என்று அறிக்கை வெளியிட்டார்கள்.

பலனுக்கு தல்மூதின் கித்துஷின் பகுதி, 31-ஆம் ஏட்டைப் பாருங்கள். அஸ்கலோனைச் சேர்ந்த யூதரல்லாதவர் தாமா பென் நெத்தினா. சரக்குப் பெட்டியின் சாவி தூங்கும் தந்தையின் தலைக்கடியில் இருந்ததால், அவரை எழுப்ப மனமின்றி ஆறு லட்சம் லாபத்தை விட்டார். மறு ஆண்டு அவர் மந்தையில், ஆலயச் சடங்குக்கு வேண்டிய விலைமதிப்புள்ள அரிய செங்கிடாரி பிறந்தது. அதை வைத்தே ரபி ஹனினா சொல்கிறார்: கட்டளை இல்லாதவருக்கே இவ்வளவு என்றால், கட்டளை பெற்றுச் செய்பவருக்கு எவ்வளவு! ஏன் கட்டளை பெற்றவர் மேல்? தல்மூதுக்கு எழுந்த இடைக்கால உரையான தோசஃபோத் தரும் காரணம்: அவர் தவறிவிடுவோமோ என்ற கவலையோடு செய்கிறார், மற்றவர் கூடையில் சோறு உள்ளவர் போல, விரும்பினால் விட்டுவிடலாம்.

பொருநை:
ஒன்று சேர்க்கிறேன். ஏழுக்கு மேல், யூதத் திருச்சட்டமான தோராவின் வேறொரு கட்டளையைப் பலனுக்காகச் செய்ய விரும்பும் யூதரல்லாதவரைத் தடுக்கக் கூடாது, முறைப்படி செய்யலாம் என்று மைமோனிடஸின் அதே 'அரசர்கள்' பகுதி 10:10 சொல்கிறது. அவர் தர்மம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுநாள் அனுசரிப்பு இதற்கு விலக்கு. அதற்கு முந்தைய பத்தி அதைத் தடுக்கிறது. புதுச் சமயம் உண்டாக்கக் கூடாது என்பது காரணம்.