கொல்லையில் புதைந்து கிடக்கும் பழைய குழாய்கள்: எது எதற்கென்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்க்காரர்களின் பதில்கள்

உச்சிப்புளிப் பக்கம்

தாத்தா கட்டிய வீடு. கொல்லை முழுக்கத் தென்னை, நடுவில் உறைக் கிணறு. செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தபோது முழங்கால் ஆழத்தில் அடுத்தடுத்துக் குழாய்கள் தட்டுப்பட்டன. துரு தின்ற இரும்புக் குழாய் ஒன்று, சாம்பல் நிற நாலு இஞ்ச் பிவிசி ஒன்று, விரல் தடிமனில் கறுப்பு டியூப் ஒன்று. போட்டவர்கள் யாரும் இப்போது இல்லை. கொத்தனார், "பழசுதானண்ணே, அறுத்துட்டு வேலையப் பாப்போம்" என்றார். இரு தம்பி, கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிறுத்தினேன்.

நம் கடலோர மணல் பூமியில் இதுதான் முதல் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. மண்வெட்டி பட்ட இடத்திலிருந்து தோண்டிக்கொண்டே போகாதீர்கள். பழைய வீட்டுக் கொல்லையில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் குழாயும் பெரும்பாலும் கிணற்றில் தொடங்கும், இல்லையென்றால் கிணற்றில் முடியும். உச்சி வெயிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைக் கிணற்றுக்குள் திருப்பினால் உறைகளில் உள்ள ஓட்டைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

எங்கள் கிணற்றில் இரும்புக் குழாய் எல்போ போட்டுக் கீழே இறங்கி, தண்ணீருக்குள் ஃபுட் வால்வோடு (ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடி வால்வு) நின்றது. அப்படியானால் அது தண்ணீரை உறிஞ்சிய குழாய், பழைய ஆயில் இன்ஜின் காலத்தது. பிவிசி வேறு மாதிரி. உறையில் வாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் கீழே தண்ணீர் வழிந்த கறை நீளமாக இறங்கியிருந்தது. அது கிணற்றுக்குள் தண்ணீர் கொண்டுவருகிற குழாய். மொட்டை மாடியின் மழைத் தண்ணீர்க் குழாயில் நாலைந்து வாளி ஊற்றச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் காது கொடுத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் சலசலவென்று விழுந்தது. குடிக்கிற கிணறு என்பதால் அடையாளத்துக்குச் சாயம் எதுவும் கலக்கவில்லை.

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்டதாக இருக்க வேண்டும். ஜல்லி போட்ட வடிகட்டித் தொட்டி, பின்னால் போட்ட சிமென்ட் தளத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. அந்தக் குழாயை அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், எடை குறைவு என்பதால், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு அதே கணக்கில் ஏறி வரும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் குழாய் வழியாகத்தான் எங்கள் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. செப்டிக் டேங்கை வீட்டுக்கு மறுபக்கம், கிணற்றை விட்டுத் தள்ளி மாற்றிவிட்டோம்.

கறுப்பு டியூப் சொட்டு நீர்ப் பாசனத்துக்குப் போட்டது, 16 மில்லிமீட்டர். நுனியை மடித்து எட்டு வடிவ வளையத்தில் செருகியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

கீழக்கரை

எங்கள் வீட்டில் கிடைத்தது சுட்ட மண் குழாய். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். வழக்கமாக அகன்ற வாய் மேட்டுப் பக்கம், அதாவது தண்ணீர் வருகிற பக்கம் இருக்கும்படிதான் பதிப்பார்கள். ரெண்டு துண்டு வெளியே தெரிந்தாலே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லிவிடலாம். உம்மாவிடம் கேட்டதும், "ஒளு செய்யிற தண்ணி மருதாணிக்கும் மாதுளைக்கும் போறதுக்கு உங்க வாப்பா போட்டது" என்றார்கள். ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது. இன்றைக்கும் அந்த வரிசையில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

தொண்டி

ஒரு எச்சரிக்கை. மண்ணுக்குள் கிடக்கிற எல்லாக் குழாயும் தண்ணீர்க் குழாய் அல்ல. எங்கள் கொல்லையில் முக்கால் இஞ்ச் பிவிசி ஒன்று இருந்தது. தண்ணீர்க் குழாய் என்றால் மேலே அளவு, அழுத்த வகுப்பு, ஐஎஸ் 4985 (தண்ணீர்க் குழாய்க்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருப்பார்கள், சுவரும் தடிமனாக இருக்கும். இது மெல்லிசு, அழுத்த வகுப்பு எதுவும் இல்லை. உள்ளே மோட்டாருக்குப் போகிற வயர். மோட்டார் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மீட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் அப்போதும் கரண்ட் இருக்கும். மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எலக்ட்ரீசியன் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும்.

மண்டபம்

உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கசிந்தால் அது கிணற்றுத் தண்ணீரா, காவிரிக் கூட்டுக் குடிநீரா என்று கண்டுபிடிக்க கைக்கடக்கமான டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) போதும். கசிகிற தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், தெருக்குழாய்த் தண்ணீர் மூன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். கடலோரக் கிணற்றுக்கும் காவிரிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, குழப்பமே வராது. எங்கள் வீட்டில் பழைய தோட்டக் குழாயை யாரோ ஒரு காலத்தில் 'T' வடிவ இணைப்பு போட்டுக் குடிநீர்க் குழாயோடு இணைத்திருந்தார்கள். தெருவில் தண்ணீர் வராத நேரத்தில் மோட்டாரைப் போட்டால் தோட்டத்துக் கசடு குடிக்கிற குழாய்க்குள் வந்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அன்றைக்கே அந்த இணைப்பைப் பிரித்து இரண்டு பக்கமும் எண்டு கேப் போட்டு அடைத்தோம்.

மறுபடியும் உச்சிப்புளி

தொண்டிக்காரர் சொன்னதை யாரும் தட்டிவிடாதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகு, மணலில் மெல்லிய கம்பியை இறக்கிப் பார்த்தே குழாய் போகும் பாதையைக் குறித்துவிடலாம். இரும்பு என்றால் கணீரென்று கேட்கும், பிவிசி என்றால் மொத்தென்று இருக்கும். சுட்ட மண் குழாய் இருக்கிற இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், உடைந்துவிடும். பயன்படாத இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு உறையில் இருந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டேன். இல்லையென்றால் மேலே ஊறுகிற அழுக்குத் தண்ணீர் அந்த வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் மதில் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, படம் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல் மண்ணில், அதுவும் கோடையில், கம்பி இறங்காதே. அங்கே இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?