பொருள்: 'சூடோ டிஸ்ட்ரிபியூட்டட்' – 'போலி' பொருந்துமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்துக் கையாளும் மென்பொருள் ஹடூப். அதன் நிறுவல் கையேட்டின் தமிழாக்கம் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. ஹடூப்பை மூன்று பாங்குகளில் (மோடு) ஓட்டலாம். முதலாவதில் எல்லாமே ஒரே ஜாவா ஓட்டத்துக்குள் (பிராசஸ்) முடிந்துவிடும். ஹடூப்பின் சொந்தக் கோப்பு முறையான எச்டிஎஃப்எஸ் கிடையாது, வட்டில் உள்ள கோப்புகளை நேராகப் படிக்கும். மூன்றாவது, பல கணினிகள் சேர்ந்த கொத்து. நடுவில் இருப்பது 'சூடோ டிஸ்ட்ரிபியூட்டட்' ('சூடோ' என்றால் போலி, 'டிஸ்ட்ரிபியூட்டட்' என்றால் பரவிய). கொத்தில் ஓட வேண்டிய பின்னணி நிரல்கள் அத்தனையும் ஒரே மடிக்கணினியில், தனித்தனி ஜாவா ஓட்டங்களாக. கற்கவும் சோதிக்கவும் ஏற்றது இதுதான். 'போலிப் பரவல் பாங்கு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மடல் 2

> போலிப் பரவல் பாங்கு

ஐயா, 'போலி' இடறுகிறது. போலி மருந்து, போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காது இது. இங்கே எது போலி? ஸ்டார்ட்-டிஎஃப்எஸ், ஸ்டார்ட்-யார்ன் என்ற தொடக்க நிரல்கள் இரண்டையும் ஓட்டிவிட்டு, ஓடும் ஜாவா நிரல்களைப் பட்டியலிடும் ஜேபிஎஸ் கட்டளை கொடுத்தால் நேம்நோடு, டேட்டாநோடு, செகண்டரி நேம்நோடு (மூன்றும் எச்டிஎஃப்எஸ்ஸின் நிரல்கள்), ரிசோர்ஸ்மேனேஜர், நோடுமேனேஜர் (இரண்டும் வேலைகளுக்கு வளம் பங்கிடும் யார்னின் நிரல்கள்) ஐந்தும் வரிசையாக வரும். ஐந்தும் அசல்.

தொடக்க நிரல் தன் கணினிக்குள்ளேயே, தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் நுழைகிறது. கடவுச்சொல் கேட்காத திறவுகோல் செய்யச் சொல்வதும், ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்புக்கு 600 அனுமதி தரச் சொல்வதும் இதற்காகவே. ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா-ஹோம் மாறியை உபுண்டுவின் பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் எழுதிவிட்டு, "ஜாவா கிடைக்கவில்லை" என்ற செய்தியோடு பலர் மல்லுக்கட்டுவதற்கும் இதுவே காரணம். எஸ்எஸ்எச் வழி வரும் கட்டளைக்கு அந்தக் கோப்பு பாதியிலேயே திரும்பிவிடும். மாறியை ஹடூப்-என்வி கோப்பில் எழுத வேண்டும்.

குறைவது கணினிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எச்டிஎஃப்எஸ் இயல்பாக ஒவ்வொரு 128 எம்பி தொகுதிக்கும் 3 படிகள் (நகல்கள்) வைக்கப் பார்க்கும். டேட்டாநோடு ஒன்றே இருக்கும்போது இரண்டாம் படிக்கு இடமில்லை. ஆகவே ரெப்ளிகேஷன் அளவை 1 ஆக்குகிறோம். வட்டு போனால் தரவும் போச்சு. பெயர் இந்த வரம்பைச் சொல்லட்டும்: 'ஒருகணினிப் பரவல்'.

மடல் 3

'போலி'யை இவ்வளவு விரைவில் தள்ள வேண்டாம். இலக்கணத்தில் அது கெட்ட சொல் இல்லை. முகம் – முகன், பந்தல் – பந்தர்: எழுத்து மாறியும் பொருள் மாறாததையே போலி என்கிறோம். கணினிகள் குறைந்தும் நிரலின் நடத்தை மாறாத இந்தப் பாங்குக்கு அது பொருந்தும். அமீபாவின் போலிக்காலை யாரும் மோசடிக் கால் என்று நினைப்பதில்லையே!

எனக்கு இடிப்பது 'பரவல்'தான். புள்ளியியலில் இயல்நிலைப் பரவல், நிகழ்தகவுப் பரவல் என்று அது வேறு வேலையில் இருக்கிறது. பெருந்தரவு நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். 'பகிர்வு' என்றால் கோப்புப் பகிர்வு நினைவுக்கு வரும். பரவி இயங்குவதால் 'பரவியக்கம்' என்றால் என்ன?

மடல் 4

கலைச்சொல்லைப் பிழைதிருத்தும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும். ஒரு வாக்கியம்: "ஒருகணினிப் பாங்கில் டேட்டாநோடு மட்டும் எழவில்லையென்றால், பெரும்பாலும் நேம்நோடை இரண்டாம் முறை ஃபார்மேட் செய்திருப்பீர்கள்." ஒவ்வொரு ஃபார்மேட்டுக்கும் புதிய கொத்து அடையாளம் பிறக்கும், டேட்டாநோடின் அடைவில் பழையதே இருக்கும், இரண்டும் ஒவ்வாமல் அது நின்றுவிடும். பலரை அந்த இரண்டாம் ஃபார்மேட்டுக்குத் தள்ளுவது தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு. ஹடூப் தன் தரவை இயல்பாக அங்கேதான் வைக்கும், கணினியை மறுதொடக்கம் செய்தால் அது துடைக்கப்படலாம். கோர்-சைட் அமைப்புக் கோப்பில் முதல் நாளே வேறு இடம் காட்டிவிட வேண்டும். இந்த வாக்கியத்தில் 'போலிப் பாங்கில் டேட்டாநோடு எழவில்லை' என்று போட்டால், போலி என்பதால்தான் எழவில்லை என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

உண்மையிலேயே போலி என்று சொல்லத்தக்க நிலை ஒன்று உண்டு. மேப்ரெட்-சைட் அமைப்புக் கோப்பில் ஃப்ரேம்வொர்க் பெயராக யார்னைக் குறிக்க மறந்தால், ஐந்து நிரல்களும் ஓடிக்கொண்டிருக்க, வேலை மட்டும் ஒரே ஜாவா ஓட்டத்தில் முடிந்துவிடும். விடையும் சரியாக வரும். வேலையின் அடையாள எண் 'ஜாப்_லோக்கல்' என்று தொடங்குவதையும், ரிசோர்ஸ்மேனேஜரின் 8088 வலைப்பக்கம் காலியாக இருப்பதையும் பார்த்தால்தான் பிடிபடும். 'போலி'யை அதற்கு மிச்சம் வைப்போம்.

இன்னொன்று. முதல் பாங்கின் 'ஸ்டாண்டலோன்' என்ற பெயரைத் 'தனித்து' என்று சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். ஹடூப்பில் அது ஒற்றை ஓட்டம். ஸ்பார்க் என்ற இன்னொரு பெருந்தரவு மென்பொருளில் அதே சொல் ஸ்பார்க்கின் சொந்தக் கொத்து மேலாளரைக் குறிக்கும், அது பல கணினிகளிலும் ஓடும்.

மடல் 5

> பரவியக்கம்

பரவி + இயக்கம் 'பரவியியக்கம்' என்றுதான் புணரும், வாயில் நுழையாது. பரவல் + இயக்கம் = பரவலியக்கம். புள்ளியியலோடும் மோதாது.

பதிவுக்கான வரைவு: ஒருகணினிப் பரவலியக்கம் – கொத்துக்குரிய பின்னணி நிரல்கள் யாவும் ஒரே கணினியில் தனித்தனி ஓட்டங்களாக இயங்கும் பாங்கு. தொகுதிக்கு ஒரு படி. கற்றலுக்கும் சோதனைக்கும் மட்டும்.

கீழே குறிப்பாக: 4 ஜிபி நினைவகக் கணினியில் நோடுமேனேஜரின் இயல்பு அளவான 8192 எம்பியை அப்படியே விடக்கூடாது, இல்லாத நினைவகத்தை யார்ன் பங்கிட்டுக் கொடுக்கும். வட்டு 90 விழுக்காட்டைத் தாண்டினால் நோடுமேனேஜர் நலமற்றதாகிவிடும், வேலை 'அக்செப்டட்' நிலையிலேயே கிடக்கும். வேறு கணினி இல்லாததால் கைகொடுக்க ஆளில்லை.

மடல் 1-இன் ஐயாவுக்கு ஒப்புதல் என்றால் ஏற்றிவிடலாம். ஸ்டாண்டலோனுக்கு 'ஒற்றையோட்டப் பாங்கு' என்று இப்போதைக்கு எழுதுங்கள். ஸ்பார்க் பகுதிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.